குரல் உள்ளேயா, வெளியேயா? திருமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் உளவளத்துணை வேலையில் இருப்பதால், கிளினிக் வாங்கில் காத்திருக்கும் அம்மாமார், அக்காமார், சில நேரம் நோய் வந்தவர்களே என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. குளிசை, செலவு, கல்யாணம் பற்றித்தான் கேட்பார்கள் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் அதிகம் வருவது வேறொரு கேள்வி: "அது அவன்ர மூளையில இருந்துதான் வருதெண்டா, அவனுக்கேன் அது விளங்கேல்ல?"

சைக்கோசிஸ் என்று இங்கே சொல்வது, ஆளில்லாமல் குரல் கேட்பது, தனக்கெதிராகச் சதி நடப்பதாக அசையாமல் நம்புவது, தன் எண்ணமே தன்னுடையதல்ல என்று தோன்றுவது போன்ற நிலைகளை. இவற்றை உண்டாக்கும் நோய்களில் ஒன்று சிசோபிரீனியா, அதாவது மனச்சிதைவு நோய். கடும் மனச்சோர்வு, இருதுருவ நோய், போதைப்பொருள் ஆகியவற்றாலும் இந்த நிலை வரலாம். வைத்தியரைப் பார்ப்பதற்குப் பதிலாக இதை வாசிக்க வேண்டாம். பார்க்கப் போகும் வழியில் வாசியுங்கள்.

யாருமில்லாத அறையில் யாரோ கதைப்பதாக மகன் சொல்கிறான். உண்மையாகவே கேட்கிறதா, சும்மா சொல்கிறானா?

கேட்கிறது. பலருக்குப் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதுபோலத் தெளிவாகவே கேட்கிறது. சிலருக்குத் தலைக்குள், சிலருக்கு யன்னலுக்கு வெளியே, சிலருக்கு ஓட்டுக்கு மேலே. குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூளையைப் படம்பிடித்த ஆய்வுகள் இருக்கின்றன. 1993இல் லண்டனில் பிலிப் மக்வையரின் குழு செய்த ஆய்வில், அந்த நேரத்தில் கூடுதலாக வேலை செய்தது புரோக்கா பகுதி. அது பேச்சை உருவாக்கும் இடம். பின்னர் வந்த ஆய்வுகளில் கேட்கும் பகுதிகளும் சேர்ந்து இயங்குவது தெரிந்தது. ஆக, மகன் பொய் சொல்லவில்லை. அவனுடைய மூளையில் பேச்சு ஒன்று உருவாகிறது, அது கேட்கவும் செய்கிறது. அதை உருவாக்கியவர் யார் என்ற கணக்கு மட்டும் பிழைத்துவிடுகிறது.

எது தன்னுடையது, எது வெளியே நடப்பது என்று மூளைக்கு எப்படித்தான் தெரியும்?

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். கண்ணில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் கண் வருத்தம் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் கண்ணின் வெளி ஓரத்தை இமைக்கு மேலாக விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள். எதிரிலுள்ள சுவர் அசைவதுபோலத் தெரியும். இப்போது விரலை எடுத்துவிட்டு, அதே கண்ணை இடமும் வலமும் உருட்டுங்கள். சுவர் அப்படியே நிற்கும்.

இரண்டு முறையும் கண்ணுக்குள் விழுந்த படம் நகர்ந்தது. ஆனால் கண்ணை உருட்டும் கட்டளையைக் கொடுத்தது மூளை. அந்தக் கட்டளையின் பிரதி ஒன்று பார்வைப் பகுதிக்கும் போய்விடுகிறது. இந்த அசைவு நம்மால் வந்தது, உலகம் அசையவில்லை என்று மூளை அங்கே அதைக் கழித்துவிடுகிறது. விரல் அழுத்தும்போது அப்படிப் பிரதி எதுவும் போவதில்லை. 1950இல் ஜெர்மனியில் எரிக் பொன் ஹோல்ஸ்ற், ஹோர்ஸ்ற் மிற்றல்ஸ்ரெட் ஆகிய இருவரும், அமெரிக்காவில் றோஜர் ஸ்பெரியும் ஒருவரையொருவர் சாராமல் இந்த விளக்கத்துக்கு வந்தார்கள்.

தன் உள்ளங்கையில் தானே கூச்சம் காட்ட முடியாததும் இதனால்தான். சாரா ஜேன் பிளேக்மோர், கிறிஸ் ஃப்ரித் ஆகியோர் லண்டனில் இதைப் படிப்படியாக ஆராய்ந்தார்கள். குரல் கேட்பவர்களையும், தம் உடலை வேறு யாரோ இயக்குவதாக உணர்பவர்களையும் 2000ஆம் ஆண்டளவில் சேர்த்துப் பார்த்தபோது, அவர்களுக்குத் தன் கை தொட்டாலும் பிறர் கை தொட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கூச்சம் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2005இல் சுக்விந்தர் ஷெர்கில் குழு வெளியிட்ட ஆய்வு. விரலில் ஒரு கருவி மெதுவாக அழுத்தும். அதே அளவு அழுத்தத்தை உங்கள் மற்றக் கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். நோயில்லாதவர்கள் எல்லோரும் அளவுக்கு மேல் அழுத்திவிடுவார்கள். தன் கையால் வரும் அழுத்தத்தை மூளை குறைத்துக் காட்டுவதால் போதவில்லை என்று தோன்றும். சிசோபிரீனியா உள்ளவர்கள் எங்களைவிடச் சரியாக அழுத்தினார்கள். வீட்டில் எல்லாவற்றிலும் பிழை கண்டுபிடிக்கப்படும் ஒருவருக்கு, நீங்கள் சரியாகச் செய்யும் ஒரு வேலை இதோ என்று சொல்ல முடிகிறது.

பேச்சிலும் இதேதான். நாம் கதைக்கும்போது, நம் குரலுக்கு நம் மூளையின் கேட்கும் பகுதி கொஞ்சம் அடங்கியே பதில் கொடுக்கும். ஜூடித் ஃபோர்ட், டானியல் மத்தலன் ஆகியோர் மூளை மின்னலைகளை அளந்து, சிசோபிரீனியாவில் அந்த அடக்கம் குறைவு என்று காட்டினார்கள். வாய் திறக்காமல் மனதுக்குள் சொல்லிக்கொள்வதும் பேச்சுதான். அதற்கும் "இது என்னுடையது" என்ற பிரதி போய்ச் சேராவிட்டால், அது யாரோ சொன்னதாகக் கேட்கலாம்.

ஆனால் அது பெண் குரல், அதுவும் இவரைத் தூசணத்தால் பேசுகிறது. இவருடைய சொந்தப் பேச்சு எப்படி அப்படி இருக்கும்?

நியாயமான சந்தேகம். 1949இல் லூயிஸ் கூல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், குரல் கேட்கும் ஒரு பெண்ணின் தொண்டையருகே ஒலிவாங்கியை வைத்து, அவரே அறியாமல் முணுமுணுப்பதைப் பெருக்கிக் கேட்டார். அந்த முணுமுணுப்பும், குரல் சொன்னதாக அவர் சொன்னதும் பொருந்தின. 1987இல் இன்னொரு ஆய்வில் வாயை அகலத் திறந்து வைத்திருக்கச் சொன்னபோது பலருக்குக் குரல் நின்றது. சொல்லப்போனால் நாம் எல்லோரும் மனதுக்குள் அடுத்தவர் குரலில் பேசிக்கொள்கிறோம். பரீட்சையில் குறைந்த புள்ளி வந்தால் அப்பா என்ன சொல்வார் என்பதை அவருடைய குரலிலேயே கேட்காத பிள்ளை உண்டா?

ஆனாலும் இந்த ஒரு விளக்கத்தால் எல்லாம் முடிந்துவிடாது. இரண்டாவது வழி, எதிர்பார்ப்பு. மூளை காதுக்கு வருவதை மட்டும் கேட்பதில்லை. வரப்போவதை ஊகித்துக்கொண்டே கேட்கிறது. 2017இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் கோர்லெட் குழு, ஒரு படத்தைக் காட்டும்போதெல்லாம் மெல்லிய ஒலி ஒன்றையும் கேட்கச் செய்தது. பிறகு படம் மட்டும் வந்தபோதும் சிலர் ஒலியைக் கேட்டார்கள். குரல் கேட்பவர்களிடம் இது மிக அதிகம். கேட்டது என்ற உறுதியும் அதிகம். வளவுக்குள் பகையாளி நிற்கிறான் என்று ஏற்கெனவே பயந்திருப்பவருக்கு ஃபான் சத்தத்திலும் கடல் இரைச்சலிலும் தன் பெயர் கேட்பது இப்படித்தான்.

கேட்டதையும் நினைத்ததையும் பிறகு குழப்பிக்கொள்கிறாரே?

அது நினைவு சம்பந்தப்பட்டது. மார்சியா ஜோன்சன், கரோல் ரேய் இருவரும் 1981இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நினைவில் "வெளியே நடந்தது" என்ற முத்திரை எதுவும் இல்லை. நிறம், சத்தம், இடம் போன்ற விபரங்கள் நிறைந்திருந்தால் நடந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். யோசித்த முயற்சியின் தடம் இருந்தால் நினைத்தது என்று எடுத்துக்கொள்கிறோம். அடுப்பை நிறுத்தினேனா, நிறுத்த நினைத்தேனா என்று பாதி வழியில் ஓட்டோவைத் திருப்பச் சொல்லும் எல்லோருக்கும் இது தெரியும்.

குரல் கேட்பவர்களை வைத்துச் செய்த பரிசோதனைகளில், தாங்களே சொன்ன அல்லது நினைத்த சொல்லை "நீங்கள்தான் சொன்னீர்கள்" என்று ஆய்வாளர் மேல் போடுவது கூடுதலாக நடக்கிறது. மூளையின் முன் நடுப்பகுதியில் ஒரு மடிப்பு இருக்கிறது. அதன் நீளம் ஆளுக்காள் வேறுபடும். கேம்பிரிட்ஜில் ஜேன் கரிசன், ஜோன் சைமன்ஸ் குழு 2015இல் பார்த்தபோது, சிசோபிரீனியா உள்ளவர்களில் இந்த மடிப்பு 1 சென்ரிமீற்றர் குறைந்தால் மாயக்காட்சி, மாயக்குரல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 20 வீதம் கூடியது. வளர்ப்புப் பிழை, செல்லம் கொடுத்த பிழை என்று தங்களையே நோகும் அம்மாமாருக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன்.

"என் கையை அவங்கள்தான் ஆட்டுறாங்கள்", "இது என்ர யோசனையில்ல, உள்ள போட்டது" என்கிறாள். இதுவும் அதேயா?

ஆம், அதே குடும்பம். எண்ணம் நுழைக்கப்படுவது, உடல் இயக்கப்படுவது போன்ற அனுபவங்களை ஜெர்மன் மனநல வைத்தியர் கூர்ட் ஷ்னைடர் சிசோபிரீனியாவின் முதல்தர அறிகுறிகளில், அதாவது நோயை இனங்காண முதன்மையாகப் பார்ப்பவற்றில், சேர்த்தார். கேட்கும் குடும்பத்தினருக்கு இதுதான் அதிகம் பயம் தருகிறது. வைத்தியருக்கு இது தெரிந்த, பெயருள்ள அறிகுறி.

நோய் உள்ளவர்கள் தாங்களாகவே எது உண்மை என்று எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள். நமக்கு மூளை கேளாமலே செய்து தரும் வேலையை, அவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்கிறார்கள். களைப்பான வேலை. நோய் உச்சத்தில் இருக்கும்போது முடியாது; குளிசை பிடித்து, நித்திரை வந்து, கொஞ்சம் தெளிந்த பிறகு பலர் தமக்கென்று சில வழிகளை வைத்திருக்கிறார்கள். அநேகமாக யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பது முதலாவது. கிண்ணியா பஸ்ஸில் யாரோ உரத்துத் தன் பெயரைச் சொல்லித் திட்டியதாகக் கேட்கிறது. ஒருவரும் திரும்பவில்லை, கொண்டக்டரும் ரிக்கற் கிழித்துக்கொண்டே இருக்கிறார். அப்படியானால் அது அநேகமாக உள்ளேயிருந்து வந்தது. வீட்டில் நாய் இருந்தால் நாயைப் பார்ப்பவர்களும் உண்டு. மதிலுக்கு வெளியே ஆள் நின்றால் அது குரைக்காமல் இராது.

அடுத்தது சத்தத்தின் குணம். உப்புவெளிக் கடற்கரையில் கேட்ட குரல், நடந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதே அளவில் கேட்டால் யோசிக்க வேண்டும். மனிதக் குரல் தூரம் போகப் போகத் தேயும். காதைப் பொத்தினால் வெளிச் சத்தம் குறையும். பலருக்கு அந்தக் குரல் குறைவதில்லை. ஏதாவது தெரிந்தால் போன் கமராவை அதன் பக்கம் திருப்பித் திரையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பழைய ஆட்களிடம் இந்த வசதி இருக்கவில்லை, பாவம்.

இன்னும் நுட்பமானது, குரல் சொல்லும் விஷயத்தைப் பார்ப்பது. நான் இப்போதுதான் மனதில் நினைத்தேன், வாயால் சொல்லவில்லை. அதற்கு அது பதில் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரிய வழியில்லை. அல்லது, பல வருடமாக அதே நாலு வசனத்தைத்தான் சொல்கிறது. உயிருள்ள மனிதன் யாரும் அவ்வளவு காலம் அதையே திருப்பிச் சொல்ல மாட்டான். சிலர் நேரத்தைக் கவனிக்கிறார்கள். இரண்டு இரவு நித்திரையில்லை, வீட்டில் சண்டை, அப்போதுதான் வருகிறது.

நான் கண்டவரையில் அதிகம் பலன் தருவது, ஏற்கெனவே பேசி வைத்த ஒரு ஆள். அக்காவோ நண்பனோ, ஒருவர் மட்டும். "உங்களுக்கும் கேக்குதா?" என்று கேட்டால், அவர் சிரிக்காமல், புத்தி சொல்லாமல், "இல்லை" அல்லது "ஓம், அது கோயில் லவுட்ஸ்பீக்கர்" என்று மட்டும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் கேட்கத் தொடங்கினால் அதுவே ஒரு தொல்லையாகிவிடும். அப்போது கிளினிக்கில் சொல்லுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையே விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். யார் சொன்னால் என்ன, நான் அதன்படி நடக்கப் போவதில்லை என்பது அவர்களுடைய நிலை. நெதர்லாந்தில் மனநல வைத்தியர் மாரியஸ் ரோமும் அவரிடம் வந்த பட்சி ஹேக் என்ற பெண்ணும் 1987இல் தொடங்கி வளர்த்த, குரல் கேட்போர் இயக்கமும் ஏறக்குறைய இந்தப் பாதையில் போகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சிலர் அந்தப் பாதையில் மருந்தைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது என் கவலை. ஆனால் குரலுடன் சண்டை பிடிப்பதைவிட அதற்குப் பக்கத்தில் வாழப் பழகலாம் என்ற பகுதி சரி என்றே நினைக்கிறேன்.

போனில் பதிவு செய்து, "பார், ஒன்றும் இல்லை" என்று காட்டினால் நம்புவாரா?

அவரே கேட்டுக்கொண்டு செய்தால் உதவலாம். நீங்கள் தோற்கடிக்கச் செய்தால், "பதிவை மாத்திப்போட்டாங்கள்" என்பதுதான் பதில். சைக்கோசிஸில் கொஞ்ச ஆதாரத்தோடு சட்டென்று முடிவுக்குப் போகும் போக்கு பலருக்கு உண்டு என்பது 1988இலிருந்து பல பரிசோதனைகளில் கண்ட விஷயம். அந்த அவசரத்தை ஆதாரத்தால் அடித்து வெல்ல முடியாது. "வேற என்னவா இருக்கலாம்?" என்று மெதுவாகக் கேட்டால் சில நேரம் இளகும்.

அப்படியானால் "எனக்கும் கேட்குது" என்று சொல்லிவிடவா?

வேண்டாம். பிறகு உங்கள் வார்த்தையை வைத்துச் சரிபார்க்க அவருக்கு ஆளில்லாமல் போய்விடும். "எனக்குக் கேக்கேல்ல தம்பி. உனக்குக் கேக்குதெண்டு விளங்குது. என்ன சொல்லுது? பயமா இருக்கா?" இவ்வளவு போதும். பயத்துக்குப் பதில் சொல்லுங்கள், குரலுக்கு வேண்டாம்.

கோயிலில் உரு வந்து ஆடுகிறவர்களும் சாமி பேசுகிறது என்கிறார்கள். அவர்களுக்கும் இந்த நோயா?

இல்லை. காளி கோயில் வேள்வியில் உரு வருவதற்கு நேரமும் இடமும் உண்டு. பறை நின்றால், தண்ணீர் தெளித்தால் அடங்கும். சுற்றி நிற்கும் ஊருக்கு அது விளங்கும். அடுத்த நாள் அவர் கடைக்கோ தோணிக்கோ போய்விடுவார். நோயில் நேரம் காலம் இல்லை. படிப்பு, வேலை, குளிப்பு எல்லாம் சரியத் தொடங்கும்.

நூல் கட்டுவதையோ, மூதூர், கிண்ணியாப் பக்கம் ஓதிப் பார்ப்பதையோ நான் தடுப்பதில்லை. வீட்டாரின் மனம் ஆறும். இரண்டு நிபந்தனைகள்: அடி, கட்டிவைத்தல், பட்டினி, புகை எதுவும் கூடாது, குளிசை நிற்கக் கூடாது.

ஊரும் பண்பாடும் குரலின் சுபாவத்தை மாற்றும். மானிடவியலாளர் தான்யா லூர்மனும் உடனாய்வாளர்களும் சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியா ஆகிய இடங்களில் 20 பேர் வீதம் சந்தித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், சென்னைக்காரர் பலருக்குக் கேட்டது சொந்தக்காரரின் குரல். சமை, குளி என்று வீட்டு வேலை சொல்லும் குரல்கள். அமெரிக்கர்களுக்கு அதிகம் கேட்டது வன்முறையான அந்நியக் குரல். இங்கேயும் செத்துப்போன பெரியம்மா வந்து "சாப்பிட்டியா" என்று கேட்பதாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தக் குரலை இழக்கவே விருப்பமில்லை.

சுனாமியில் போன மகளின் குரல் எனக்கு இன்னும் சில வேளை கேட்கிறது. நானும் கிளினிக் வர வேண்டுமா?

அது மட்டும் என்றால் தேவையில்லை, அம்மா. 1971இல் வேல்ஸ் நாட்டு வைத்தியர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தவரின் இருப்பையோ குரலையோ உருவத்தையோ உணர்ந்திருந்தார்கள். பலர் அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நித்திரைக்குப் போகும் வேளையில் பெயர் கூப்பிடுவது கேட்பதும் சாதாரணம். "நீயும் வா" என்று அது அழைத்தாலோ, சாப்பாடு, நித்திரை கெட்டாலோ உடனே வாருங்கள்.

குளிசை குரலை நிறுத்துமா?

பலருக்குக் குறைக்கும், சிலருக்கு நிறுத்தும், சிலருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இந்த மருந்துகள், மூளையில் செய்தி கடத்தும் டோப்பமீன் என்ற இரசாயனத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. எதுவும் இல்லாத இடத்தில் "இது முக்கியம், இது உனக்குத்தான்" என்று மூளை அலாரம் அடிப்பது டோப்பமீனால் என்பது ஷித்திஜ் கபூர் 2003இல் சொன்ன விளக்கம். அதனால் முதலில் குரல் போகாமல், அதன் மேலிருந்த அக்கறை போகலாம். "கேக்குது, ஆனா இப்ப பெரிசா கவனிக்கிறேல்ல" என்று ஒருவர் சொன்னால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். கிழமைகள் எடுக்கும். உடம்பு விறைத்தால், நிறை கூடினால் வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். தாங்களாக நிறுத்தக் கூடாது. இரண்டு மருந்துகளை மாற்றிப் பார்த்தும் குணம் தெரியாவிட்டால் குளோசபின் என்ற மருந்து உண்டு. அதற்கு ஒழுங்காக இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கஞ்சா, ஐஸ் என்ற போதைப்பொருள்?

இரண்டும் குரலைக் கூட்டும். பேரம் பேச இதில் இடமில்லை.

எங்கே போவது? அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்களா?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தூரத்தில் இருந்தால் கிட்டவுள்ள அரச வைத்தியசாலையில் மனநல வைத்திய அதிகாரியைக் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். பெரும்பாலானோர் வீட்டிலிருந்தபடியே கிளினிக் வந்து போகிறார்கள். இரவில் பதறினால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். தன்னையோ பிறரையோ தாக்கும்படி குரல் கட்டளையிட்டால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காய்ச்சலோடு, வலிப்போடு, குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில், அல்லது வயதானவருக்குத் திடீரென்று இப்படி வந்தால் அது உடல் நோயாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் குரல் அடங்குமா?

பலருக்கு அடங்கும். வசனம் உள்ள பாட்டு, செய்தி, சத்தமாக வாசிப்பது, முணுமுணுத்துப் பாடுவது எல்லாம் நல்லது; நாக்கும் காதும் வேறு வேலையில் இருக்கும். 1981இல் செய்த ஒரு பரிசோதனையில் அர்த்தமுள்ள பேச்சைக் கேட்டபோது குரல் குறைந்தது, வெறும் இரைச்சல் உதவவில்லை. ஆகவே ஃபானை முழு வேகத்தில் விட்டு மறைக்கப் பார்க்க வேண்டாம். சிலருக்கு ஒரு காதில் மட்டும் பஞ்சு வைத்தாலே போதும். ஹெட்போனோடு றோட்டைக் கடக்கும்போது மட்டும் ஒன்றைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பஸ் ஹோர்ன் வெளியேயிருந்து வருவதுதான்.